மாற்றார் ஏட்டைப் படித்தவர்கள்

மனிதன் தனித்து வாழ்பவன் அல்லன். குடும்பம், உறவினர், ஊரவர், ஒரே கோயிலிற் கும்பிடுவோர், ஒரே தொழிலைச் செய்வோர் என்று அவனைச் சுற்றிப் பல வட்டங்கள் அமைந்து கிடக்கின்றன. இவ்வட்டங்கள் அவனுக்குத் துன்பத்திலே துணையாகின்றன. அவன் வாய் திறக்குமுன்னரே அவன் கருத்தை ஒப்புக்கொள்ளும் செவிகளையும் தருகின்றன. இத்தகைய வட்டத்துள் வாழ்வது பெரிதும் சுகமானது. ஆயினும் அச்சுகத்துக்கு ஒரு விலை உண்டு. தன்னோடு உடன்படுவோர் நடுவிலேயே காலமெல்லாம் இருப்பவனுக்குத் தன் கொள்கைக்கு ஆதாரம் யாது என்று தேடவேண்டிய தேவை எழுவதில்லை. கேள்வி எழாத இடத்திலே விடையும் மெல்ல மெல்ல மறந்துபோகின்றது.

இவ்வட்டத்தைத் தாண்டியவர்கள் எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்பதை ஆராய்வதற்கு நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் யாழ்ப்பாணமே அதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக விளங்குகின்றது. ஒருவரை ஒருவர் வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தோடு சந்தித்த இரண்டு கூட்டத்தார், ஒருவர் ஏட்டை ஒருவர் படிக்க நேர்ந்த கதை அது.

அமெரிக்க மிஷனைச் சேர்ந்த பாதிரிமார் 1816ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தை அடைந்தனர். அவர்களுள் ஒருவரான டானியல் பூவர் தெல்லிப்பழையிலே தம் பணியைத் தொடங்கினார். தமிழ் தெரியாமல் எவரிடமும் சமயம் பேச முடியாது என்பதை அவர்கள் விரைவில் உணர்ந்தனர். ஊர்ப் புலவரிடமும் உபாத்தியாயரிடமும் அவர்கள் மாணாக்கராய் அமர்ந்தனர். போதிக்க வந்தவர் முதலிற் கற்கவேண்டியதாயிற்று. 1823இலே அவர்கள் வட்டுக்கோட்டையில் உயர்தரக் கல்விக்கென ஒரு சாத்திரசாலையை நிறுவினர். வட்டுக்கோட்டைச் செமினறி என்று பெயர் பெற்ற அக்கலாசாலைக்குப் பூவரே முதல் அதிபரானார்.

அங்கே ஆங்கிலம், கணிதம், வானசாத்திரம், தத்துவம் என்பவற்றோடு தமிழ் இலக்கணமும் இலக்கியமும் சம்ஸ்கிருதமும் கற்பிக்கப்பட்டன. சைவர் எதை நம்புகின்றனர் என்பதை அறிந்தாலன்றி அதை மறுத்துரைக்க இயலாது என்பது அதிபர்களின் எண்ணம். நோக்கம் மறுப்பே எனினும், மறுப்பதற்காகப் படிப்பவனும் படித்தே ஆகவேண்டும். இதனால், சைவப் பிள்ளைகள் விவிலியத்தையும் கிறித்தவப் பாதிரிமார் திருக்குறளையும் நன்னூலையும் ஒரே கூரையின் கீழ்ப் படித்தனர்.

இச்சந்திப்பு எளிதாக நிகழவில்லை. தொடக்க காலத்தில் மாணாக்கர் பலர் மிஷன் வளவினுள்ளே உணவருந்த மறுத்தனர் என்றும், அவர்களுக்கென அயலிலுள்ள சைவர் ஒருவரது காணியிலே சமையற்கூடம் அமைக்க நேர்ந்தது என்றும் மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. பாதிரியாரிடம் நியூற்றனின் விதிகளைக் கற்கலாம், ஆனால் அவர் நிலத்திலே சோறு உண்ணலாகாது என்பது அன்றைய பெற்றோரின் முடிவு. இதனைக் கேட்டு நாம் நகைத்தல் தகாது. அறிவைக் கொடுத்து வாங்குவதற்கு முன்வந்த ஒரு சமுதாயம், தன் உயிர்நிலை என்று கருதிய ஒன்றைக் காத்துக்கொள்ள வேலியிட்டது. எந்த வேலியை எங்கே இடுவது என்ற கேள்வி எக்காலத்து மக்களுக்கும் உள்ளதே.

பூவர் காலத்து நிகழ்ச்சி ஒன்று அக்காலத்து மனநிலையை நன்கு காட்டும். அராலி விசுவநாத சாஸ்திரியார் என்பவர் புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர். 1829ஆம் ஆண்டில் நிகழவிருந்த சந்திரகிரகணம் பற்றி அவர் கணிப்பும் பூவர் கணிப்பும் வேறுபட்டன. கிரகணம் தொடங்கும் நேரத்திலும், மறைக்கப்படும் பகுதியின் அளவிலும் வேறுபாடு இருந்தது. பூவர் அவ்வேறுபாட்டை முன்கூட்டியே வெளிப்படுத்தினார். குறித்த இரவில் வானமே நடுவராயிற்று; பூவரின் கணிப்பே பொருந்தியது. பாதிரிமார் இதைத் தம் சமயத்துக்குக் கிடைத்த வெற்றியாகக் கொள்ள விரும்பினர். ஊரார் அப்படிக் கொள்ளவில்லை. ஐரோப்பியர் கணிதத்திலே திருத்தம் உண்டு என்பதை ஒப்புக்கொண்டனர். ஆயினும் அதற்காகக் கோயிலை விட்டு விலகவில்லை. ஒரு துறையிலே பிறர் கூற்று உண்மையென ஏற்றல் வேறு, தம் வாழ்க்கை முழுவதையும் அவரிடம் ஒப்படைத்தல் வேறு என்ற பகுத்தறிவு அவர்களிடம் இருந்தது.

பூவருக்குப் பின் அதிபரான ஹென்றி ஹொய்சிங்டன் இன்னும் ஒரு படி மேலே சென்றார். தமிழரின் சோதிட கணிதத்தைப் பிழை என்று தள்ளிவிடாது, அதன் முறைகளை ஆராய்ந்து, மொழிபெயர்ப்போடும் விளக்கத்தோடும் 1848இலே ஒரு நூலாக யாழ்ப்பாணத்தில் அச்சிடுவித்தார். அதனோடும் அவர் நிற்கவில்லை. சைவசித்தாந்த நூல்களைக் கற்று, தத்துவக்கட்டளை, சிவஞானபோதம், சிவப்பிரகாசம் ஆகிய மூன்றையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்புகள் 1854இலே அமெரிக்கக் கீழைத்தேயக் கழகத்தின் சஞ்சிகையில் வெளிவந்தன. மெய்கண்டார் சாத்திரம் முதன்முதலாக ஆங்கிலம் பேசியது, அதனை எதிர்க்கவென அனுப்பப்பட்ட ஒரு பாதிரியாரின் எழுதுகோலினாலேயாம். ஹொய்சிங்டன் சைவராகிவிடவில்லை, இறுதிவரை தம் சமயத்திலேயே நின்றார். ஆனால் அஞ்ஞானம் என்ற ஒரு சொல்லினால் மூடிவிடத்தக்க பொருள் அன்று இது என்பதை அவர் கற்றுக்கொண்டார். பல ஆண்டுகள் ஒரு நூலோடு பழகியவன் அதனை முன்போலப் பழித்தல் அரிது.

இனி, மற்றைப் பக்கத்தைப் பார்ப்போம். நல்லூரிலே 1822இற் பிறந்த ஆறுமுகம் என்ற சிறுவர், யாழ்ப்பாணத்து வெஸ்லியன் மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் கற்றார். அதன் தலைவர் பீற்றர் பேர்சிவல் பாதிரியார். மாணாக்கரின் அறிவை உணர்ந்த பேர்சிவல் அவரை அங்கேயே ஆசிரியராக்கியதோடு, விவிலியத்தைத் திருந்திய தமிழில் மொழிபெயர்க்கும் பணிக்கும் துணையாக அழைத்துக்கொண்டார். பேர்சிவலும் தமிழைப் புறக்கணித்தவர் அல்லர். நம்மவர் பழமொழிகளை வீடுவீடாக வழங்கும் சொல்லிலிருந்து திரட்டி, 1874இலே ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டவர் அவர். ஆண்டுக்கணக்காக ஒரு கிறித்தவப் பாதிரியாரும் ஒரு சைவ இளைஞரும் ஒரே மேசையின் இரு புறத்திலும் அமர்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உரிய சொல்லைத் தேடினர். மொழிபெயர்ப்பு என்பது மேலோட்டமான வாசிப்பை அனுமதிப்பதன்று. மூலத்தின் பொருளை அதை நம்புகின்றவன் எவ்வாறு உணர்கின்றானோ அவ்வாறே உணர்ந்தாலன்றி மொழிபெயர்ப்பாளன் ஓரடியும் நகர முடியாது. அம்மொழிபெயர்ப்பு 1850இல் வெளிவந்தது.

இவ்வளவு நெருங்கிய பழக்கத்தின் பயன் என்ன? ஆறுமுகம் கிறித்தவராகவில்லை. 1847ஆம் ஆண்டின் இறுதி நாளிலே வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848இலே பாதிரியாரின் பாடசாலையிலிருந்து விலகி, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறுவருடம் தமிழகம் சென்று அச்சியந்திரம் கொணர்ந்தார். அப்பயணத்திலேயே திருவாவடுதுறை ஆதீனத்தால் நாவலர் என்ற பட்டமும் பெற்றார். பேர்சிவலின் வட்டத்திலே பெற்ற அறிவனைத்தையும் சைவத்தின் பணிக்கே அவர் திருப்பினார்.

அவர் பயன்படுத்திய கருவிகளை எண்ணிப் பாருங்கள். வாரந்தோறும் மக்களைக் கூட்டிப் பிரசங்கம் செய்தல் பாதிரிமாரின் வழக்கம். வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைப் பிரித்து, படிமுறையான பாடநூல் கொண்டு கற்பித்தல் அவர்களது பாடசாலை முறை. வினாவும் விடையுமாகச் சமய உண்மைகளைத் தொகுத்தல் அவர்களது போதனை முறை. சிறு பிரசுரங்களை அச்சிட்டு ஊரெங்கும் பரப்புதல் அவர்களது பிரசார முறை. இவற்றை நாவலர் வெறுத்து ஒதுக்கவில்லை. பாலபாடமாகவும் சைவ வினாவிடையாகவும் எளிய உரைநடைப் புராணமாகவும் அவற்றைத் தம் மக்களுக்கு உரியனவாக்கினார். இன்று தமிழ் உரைநடையிலே குறியீடிட்டு, பத்தி பிரித்து, கற்றோரும் கல்லாரும் விளங்கும்படி எழுதுகின்ற முறையில் அவர் உழைப்புக்குப் பெரும் பங்கு உண்டு.

1854இல் அவர் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரம் என்னும் நூலை நோக்கினால் இவ்வுண்மை மேலும் தெளிவாகும். சைவரின் கோயில், தூபம், தீபம், நிவேதனம், அபிஷேகம் முதலியன பயனற்ற சடங்குகள் என்று பாதிரிமார் பழித்தனர். நாவலரோ விவிலியத்தின் பழைய ஏற்பாட்டையே கையிலெடுத்தார். யூதரின் ஆலயம், அங்கே ஏற்றப்பட்ட விளக்கு, எரிக்கப்பட்ட தூபவர்க்கம், பூசப்பட்ட எண்ணெய், படைக்கப்பட்ட காணிக்கை ஆகியவற்றை இடஞ்சுட்டி எடுத்துக்காட்டி, உங்கள் வேதம் தேவனால் விதிக்கப்பட்டது என்று சொல்லும் ஒன்றை எங்களிடத்தே மட்டும் குற்றமென்பது எங்ஙனம் என்று வினவினார். இவ்வாதம் விவிலியத்தைக் கேள்வியினால் அறிந்தவனுக்கு எழாது. அதனை வரிவரியாகத் தமிழாக்கிய ஒருவருக்கே எழக்கூடியது. அந்நூலை எழுதும் ஆற்றலை நாவலருக்குத் தந்தது பேர்சிவலின் மேசை என்று கூறினால் அது மிகையாகாது.

மாற்றார் கருத்தோடு பழகினால் தன் கொள்கை கரைந்துபோகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஹொய்சிங்டனும் நாவலரும் தத்தம் நிலையிலேயே நின்றனர். ஆயினும் பழக்கத்துக்கு முன் இருந்த நிலையும் பின் இருந்த நிலையும் ஒன்றல்ல. முன்னையது கேட்டறிந்தது, பின்னையது எதிர்க்கேள்விக்கு விடைசொல்லித் தெளிந்தது. அதே வேளையில், இரு தரப்பும் ஒத்த வலிமையோடு சந்திக்கவில்லை என்பதையும் மறத்தலாகாது. அச்சியந்திரம், பொருள், அரசாங்கச் செல்வாக்கு, ஆங்கிலம் கற்றோர்க்குக் கிட்டும் கச்சேரி உத்தியோகம் என்பன ஒரு தரப்பின் பக்கமே இருந்தன. வலியவன் நடத்தும் பாடசாலைக்கு எளியவன் தன் பிள்ளையை அனுப்பும்போது, கருத்துப் பரிமாற்றம் என்ற பெயருக்குள்ளே வற்புறுத்தலும் கலந்திருக்கும். நாவலர் தனிப் பாடசாலையும் தனி அச்சகமும் நிறுவியது, அந்தச் சமமின்மைக்கு அவர் அளித்த விடை.

இவ்வகைச் சந்திப்பின் இன்னொரு பயனைச் சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையிடம் காண்கின்றோம். 1832இற் பிறந்த அவர் வட்டுக்கோட்டைச் செமினறியின் மாணாக்கர். பேர்சிவல் சென்னையிலே நடத்திய தினவர்த்தமானிப் பத்திரிகையில் ஆசிரியராகப் பணியாற்றினார். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இலே முதன்முதலாகப் பட்டதாரிகளைத் தெரிந்தபோது, தேறிய இருவருள் அவர் ஒருவர். மற்றவரான விசுவநாதபிள்ளையும் அதே செமினறியிற் பயின்றவர். கிறித்தவச் சூழலிலே வளர்ந்த தாமோதரம்பிள்ளை பின்னர்ச் சைவராயினார். 1868இலே தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையர் உரையை நாவலர் பார்வையிட, அவர் அச்சிடுவித்தார். அதன் பின் அவர் தேடிப் பதிப்பித்த நூல்களைப் பாருங்கள். 1881இல் வெளிவந்த வீரசோழியம் ஒரு பௌத்தர் இயற்றிய இலக்கணம். 1889இல் வெளிவந்த சூளாமணி சமணகாவியம். சைவர் சமண நூலைக் கற்பது பாவம் என எண்ணியோர் பலர் வாழ்ந்த காலம் அது. கறையான் அரித்த அவ்வேடுகளைக் காத்தல் தமிழனின் கடமை என்று அவர் கருதினார். ஒரு வட்டத்திலிருந்து மற்றொரு வட்டத்துக்குச் சென்று மீண்ட ஒருவருக்கு, நூலை அதன் சமயத்தினின்றும் பிரித்து மதிக்கும் கண் வாய்த்திருந்தது.

செமினறியின் முடிவும் நம் சிந்தனைக்குரியது. 1855இலே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக்குழுவினர், ஆங்கிலக் கல்வி பெற்ற இளைஞர் மதமாற்றத்திலும் ஊழியத்திலும் எதிர்பார்த்த அளவு நாட்டங் கொள்ளவில்லை எனக் கண்டு குறைப்பட்டனர். அவ்வாண்டிலேயே செமினறி மூடப்பட்டது. கருத்துகள் கலக்கும் இடத்திலே விளைவை முன்கூட்டி விதிக்க முடியாது. அதைப் பொறுக்காதவர் கதவை அடைத்துவிடுகின்றனர். ஊரவரின் விடாமுயற்சியினால் 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி அதே வட்டுக்கோட்டையில் எழுந்தது. அடைத்த கதவை மீளத் திறக்கப் பதினேழு ஆண்டுகள் கழிந்தன.

இவ்வளவும் பெருமையோடு நினைவுகூரத்தக்கவை. எனினும் இந்த வரலாற்றிலே ஒரு பெருங்குறை உண்டு. ஒருவர் ஏட்டை ஒருவர் படித்த அவ்விரு கூட்டத்தாரும் ஒரு விடயத்திலே பெரும்பாலும் ஒத்துப்போயினர். செமினறியின் மாணாக்கரிற் பெரும்பாலோர் உயர்ந்தோர் எனப்பட்ட சாதியினரே. நாவலரும் சாதி ஒழுங்கை ஏற்று நின்றவரே. கடல் கடந்து வந்த அந்நியரின் வேதத்தை ஆழ்ந்து கற்ற அறிஞர், தம் வேலிக்கு அப்பால் வாழ்ந்த உழைப்பாளியின் வாழ்க்கையைக் கேட்டறிய முனையவில்லை. தூரத்து வட்டத்தைத் தாண்டுதல் சில வேளைகளில் எளிது. அடுத்த வளவுக்குச் செல்லும் ஒழுங்கையே கடத்தற்கரியது.

அவ்வொழுங்கையைக் கடக்க முயன்றோர் அடுத்த நூற்றாண்டிலே தோன்றினர். 1924இல் மாணவர் காங்கிரஸ் என்ற பெயரோடு தொடங்கிப் பின் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் ஆன இயக்கத்திலே கிறித்தவரும் சைவரும் ஒன்றாய் நின்றனர். அதன் முன்னோடிகளுள் ஒருவரான ஹன்டி பேரின்பநாயகம் யாழ்ப்பாணக் கல்லூரியிலே ஆசிரியராயிருந்தவர். தீண்டாமையை ஒழிக்க வேண்டும் என அவர்கள் தீர்மானித்ததோடு, ஒடுக்கப்பட்டோருடன் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டனர். 1927 நவம்பரில் அவர்கள் அழைப்பையேற்று மகாத்மா காந்தி யாழ்ப்பாணம் வந்தார். தம் மகாநாடுகளுக்குச் சிங்களத் தலைவர்களையும் அவர்கள் வரவழைத்தனர். ஏறத்தாழ அதே காலத்தில், அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளிலே எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்க வேண்டும் என்ற விதி செயற்படத் தொடங்கியது. அதுவரை சில பிள்ளைகள் தரையிலும் சில பிள்ளைகள் வாங்கிலும் இருந்து ஒரே பாடத்தைக் கேட்டனர். விதி வந்ததும் எதிர்ப்பும் எழுந்தது. சில பள்ளிக்கூடங்கள் தீக்கிரையாயின. ஒரு நூற்றாண்டுக்கு முன் சமையற்கூடத்தை வேலிக்கு அப்பால் அமைத்த அதே அச்சம், இப்போது வாங்கின் மீது தன் சினத்தைக் காட்டிற்று. ஆயினும் வாங்குகள் நிலைத்தன.

இன்றைய நம் நிலை யாது? இத்தீவின் பிள்ளைகளிற் பெரும்பாலோர் சிங்கள மொழிமூலமோ தமிழ் மொழிமூலமோ தனித்தனி வகுப்புகளிலும் தனித்தனிப் பாடசாலைகளிலும் கற்கின்றனர். தாய்மொழியிற் கற்றல் அவர்களின் உரிமை; அதனைக் குறைகூற எவர்க்கும் நியாயமில்லை. ஆனால், அயலிலே வாழும் பிள்ளை எந்தக் கதையைக் கேட்டு வளர்கின்றது, எந்த வரலாற்றைப் படிக்கின்றது, எதனை நினைத்து அஞ்சுகின்றது என்பதை அறியாமலே பதின்மூன்று ஆண்டுக் கல்வியையும் ஒரு பிள்ளை முடித்துவிடலாம். 1983 முதல் 2009 வரை நீடித்த போரிலே இந்த அறியாமைக்கு நாம் எத்துணை விலை கொடுத்தோம் என்பது எல்லோரும் அறிந்தது.

யாழ்ப்பாணத்துப் பெரியோர் வாழ்க்கை இதற்கு ஒரு வழியைக் காட்டுகின்றது. நட்புறவு விழாவில் ஒரு நாள் கைகுலுக்கிக் கலைவதால் அவர்கள் கருத்து விரியவில்லை. பேர்சிவலும் நாவலரும் பல ஆண்டுகள் ஒரு வேலையைச் சேர்ந்து செய்தனர். ஹொய்சிங்டன் தாம் ஏற்காத ஒரு நூலை, அதனை ஏற்றவர் விளங்கும் முறையிலே விளங்க முயன்றார். தாமோதரம்பிள்ளை தம் சமயத்தது அல்லாத காவியத்தைப் பிழையற அச்சேற்றக் கண்ணயராது உழைத்தார். நால்வரும் தம் ஏட்டைக் கற்ற பின்னரே பிறர் ஏட்டைத் தொட்டனர் என்பதும் கவனிக்கத்தக்கது. தன் வீட்டு நிலைகதவின் உயரம் தெரிந்தவனே பிறர் வீட்டினுள் தலை குனிந்து செல்லவும் நிமிரவும் அறிவான்.

தமிழ்ப் பிள்ளை ஒன்று ஒரு சிங்களக் கதையை, அதைச் சொல்லி வளர்ந்த ஒருவரின் துணையோடு, சொற்சொல்லாகத் தமிழிலே பெயர்க்கட்டும். சிங்களப் பிள்ளை ஒன்று ஒரு தமிழ்க் கதையை அவ்வாறே தன் மொழியிற் பெயர்க்கட்டும். ஒரு சொல்லுக்கு ஏற்ற சொல் அகப்படாமல் இருவரும் திகைத்து நிற்கும் இடத்திலே, ஒருவரையொருவர் கேட்டே தீரவேண்டும். பேர்சிவலின் மேசையிலே பல ஆண்டுகள் நடந்த வேலை அதுவே. அதற்கு இன்றும் வேண்டுவன ஒரு மேசையும், இரண்டு ஏடுகளும், எதிரே அமர்வதற்கு உடன்படாத ஒருவருமேயாம்.